கொடுமுடி சுந்தராம்பாள் சரித்திரமும் நமது கடமையும்

(கந்தர்வக்கோட்டையில் நடைபெற்ற நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்கக் கூட்டங்களில் பிள்ளைகளின் கல்வி, விவாகச் செலவு, விவசாயம் முதலிய விஷயங்களே பேசப்பட்டு வருவது வழக்கம். இன்று யான் எடுத்துக்கொண்டிருப்பதோ ஒரு நடிகையின் சரித்திரம். "குடும்பத்தோடு வந்திருக்கும் சபையில் நாடகக்காரியின் கதையா?" என்று எவரேனும் தம் மனத்துள் கேட்பாராயின், அவரை யான் குறை கூறேன். அந்தக் கேள்வி எங்கிருந்து நமக்கு வந்தது, அது நியாயமானதுதானா என்று ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

நம் ஊருக்குக் கந்தர்வக்கோட்டை என்று பெயர். கந்தர்வர் என்பார் தேவருலகத்து இசைவாணர் என்பது புராணம். இசைவாணர் பெயரைச் சூடிய ஊரிலே இசைக்கும் நாடகத்திற்கும் குறைவு இருத்தல் தகாது, குறைவும் இல்லை. தஞ்சையிலிருந்து புதுக்கோட்டை செல்லும் இந்த ராஜபாட்டையின் இரு மருங்கிலுமுள்ள கிராமங்களில், அம்மன் கோவில் திருவிழா என்றால் வள்ளி திருமணமோ அரிச்சந்திரனோ பவளக்கொடியோ நடைபெறாமல் போவதில்லை. இரவு பத்து மணிக்கு ஆர்மோனியம் ஒலிக்கத் தொடங்கினால், கிழக்கு வெளுக்கும்வரையில் பாய் விரித்து அமர்ந்து பார்ப்பவர்கள் நாம். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தில் வள்ளியின் பக்கம் பேசுபவர்களும் நம் தாய்மார்கள்தாம். ஆயினும், பொழுது விடிந்து வேஷம் கலைந்த பின், அதே வள்ளியைத் திண்ணையில் உட்காரச் சொல்ல நமக்கு மனம் வருவதில்லை. இரவில் கைகூப்பிய அதே கை, பகலில் முகவாய்க்கட்டையைத் தாங்கி ஏளனம் செய்கிறது. இம்முரண்பாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு, ஓர் அம்மையாரின் வாழ்க்கையைக் கேட்பீர்களாக.

காவிரிக் கரையில், ஈரோட்டிலிருந்து கரூர் செல்லும் ரயில் பாதையிலே, கொடுமுடி என்னும் சிவஸ்தலம் இருக்கிறது. அங்கே 1908ஆம் ஆண்டில் பாலாம்பாள் என்னும் ஏழைத் தாயின் வயிற்றில் சுந்தராம்பாள் பிறந்தார். வறுமை மிகுந்த குடும்பம். பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் வாய்க்கவில்லை. வாய்த்தது குரல் ஒன்றே. சிறு பெண்ணாய் இருந்தபொழுதே ரயில் வண்டியில் பாடிக் காசு பெற்றுக் குடும்பத்திற்கு உதவினார் என்பர். அக்குரலைக் கேட்டு வியந்து நாடகத்துறைக்கு வழிகாட்டியவர், ரயில்வே உத்தியோகஸ்தரும் திருச்சிராப்பள்ளியில் நாடகக்கலையைப் பேணி வளர்த்தவருமாகிய எப். ஜி. நடேச ஐயர் என்று அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகின்றனர். பின்னர் வேலு நாயர் கம்பெனியிலே சேர்ந்து, முதலில் சிறுவர் வேஷங்களும், பிறகு வள்ளி முதலிய பிரதான வேஷங்களும் தாங்கலானார்.

அக்காலத்து நாடகம் இன்னதென்று நம் இளைஞர்க்குச் சிறிது விளக்குதல் வேண்டும். ஒலிபெருக்கி என்பது கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் உழவனுக்கும் எழுத்து எழுத்தாய்க் கேட்கும்படி, இராமுழுதும் பாட வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய நாடகங்களிலே வசனத்தைவிடப் பாட்டே மிகுதி. 'ஸ்பெஷல் நாடகம்' என்ற முறையிலோ சிரமம் இன்னும் அதிகம். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூன் மற்றோர் ஊரிலிருந்தும் வந்து சேர்வார்கள். ஒத்திகை என்பதே இல்லை. எதிரே நிற்பவர் எந்த ராகத்தை எடுத்தாலும், எந்தக் கேள்வியைத் தொடுத்தாலும், அக்கணமே மடக்கி விடையளிக்க வேண்டும். நாடகப் பாடல்கள் அத்தனையும் மனப்பாடமாய் இருக்க வேண்டும், புராண ஞானம் வேண்டும், தாளம் பிசகலாகாது. இவ்வளவும் கற்றவரை நாம் 'கூத்தாடி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம்.

நாடகத்திலிருந்த ஆண்மக்களுக்கும் அச்சொல் உண்டெனினும், அது அவர்களை நெடுநாள் வருத்தவில்லை. நம் புதுக்கோட்டையில் பிறந்த பி. யு. சின்னப்பா அவர்கள் சிறுவயதிலேயே பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்து, திரைப்படத்திலே பெரும் பெயர் எடுத்தபொழுது, ஊரார் "எங்கள் ஊர்ப் பிள்ளை" என்று பெருமிதங்கொண்டனர். பெண்மக்களுக்கு அப்பெருமிதம் எளிதில் கிடைத்ததில்லை. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே பெண்களை மட்டும் வைத்து நாடகக் கம்பெனி நடத்தினார். அவருடைய நாடகத்தைக் காண வரும் ஜனங்களுக்காகவே தனி ரயில் விட்டதாகச் சொல்லுவார்கள். அத்தகையவரும் இறுதியில் வறுமையுற்று மறைந்தார். திருவையாற்றில் பிறந்த டி. பி. ராஜலட்சுமி 1931இல் வெளிவந்த 'காளிதாஸ்' படத்தின் கதாநாயகி. 1936இல் 'மிஸ் கமலா' என்ற படத்தைத் தாமே இயக்கியவர். தஞ்சை ஜில்லாவில் எத்தனை வீடுகளில் இன்று அவர் பெயர் தெரியும்? பாட்டை ரசித்தோம்; பாடியவளை மறந்தோம்.

இனிச் சுந்தராம்பாள் கதைக்கு வருவோம். அந்நாளில் இலங்கைத் தமிழர் நாடகங்களுக்குப் பேராதரவு தந்தனர். கொழும்பு மாநகரில் நாடகம் ஆடச் சென்றவிடத்தே, செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா அவர்களோடு மேடையேறும் வாய்ப்பு அம்மையாருக்குக் கிட்டியது. ஒருவர் குரல் வானத்தைத் தொட்டால், மற்றவர் குரல் அதற்கும் மேலே ஒரு படி நிற்கும். கிட்டப்பா வேலனாகவும் சுந்தராம்பாள் வள்ளியாகவும் நின்ற மேடையைக் காண, மாட்டுவண்டி கட்டிக்கொண்டு ஜனங்கள் வந்தனர். அவர்கள் பாட்டுக்கள் கிராமபோன் தட்டுக்களாகி வீடுகளுள்ளும் நுழைந்தன. நாடகக்காரியை வாசற்படி ஏற்றாத வீடுகளிலும் அவள் குரல் நடுக்கூடத்தில் ஒலித்தது என்பதை இங்கே சிந்திக்க வேண்டுகிறேன்.

1927இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். கிட்டப்பாவிற்கு முன்னமே மணமாகியிருந்தது. ஆதலின் அந்த இல்வாழ்க்கை நேரான பாதையில் செல்லவில்லை. பிரிவும் துயரமும் நேர்ந்தன. அம்மையார் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வந்தன. மானமும் அன்பும் ஒருங்கே போராடும் உள்ளத்தை அவற்றில் காணலாம். 1933 டிசம்பர் மாதம் கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது முப்பதும் ஆகவில்லை. அம்மையாருக்கு இருபத்தைந்து வயது. அன்று முதல் வெள்ளைப்புடவையும் திருநீறுமே அவருடைய கோலமாயின. எந்த ஆடவனோடும் ஜோடியாக இனி நடிப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டு, மேடையையும் விட்டு விலகினார்.

இருபத்தைந்து வயதில் ஒரு நடிகையின் தொழில் முடிந்துவிட்டதென்றே எவரும் எண்ணியிருப்பர். வள்ளி வேஷம் போடாத ஸ்திரீபார்ட்டுக்கு யார் பணம் கொடுப்பார்கள்? ஆனால் அம்மையாரின் நெடிய தொழில் வாழ்க்கை உண்மையிலே அங்கேதான் தொடங்குகிறது. தேசபக்தர் சத்தியமூர்த்தி முதலியோர் அவரை மீண்டும் பொதுவாழ்விற்கு அழைத்தனர். காங்கிரஸ் கூட்டங்களிலே அவர் பாட ஆரம்பித்தார். தலைவர் பேசுமுன் சுந்தராம்பாள் பாடுவார் என்றால், கூட்டம் தானே திரண்டது. கிராமத்து ஜனங்களிடையே தேசபக்தியைப் பரப்பியதில் அப்பாட்டுக்களுக்கும் நல்ல பங்கு உண்டு.

1935இல் 'பக்த நந்தனார்' என்ற பேசும் படம் வெளிவந்தது. அதிலே நந்தனாராக நடித்தவர் சுந்தராம்பாள்தாம். ஆடவனோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்ற விரதத்திற்குப் பங்கம் வாராமல், ஆண் வேஷத்தையே அவர் ஏற்றார். சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக வந்தார். இப்படத்திற்காக அம்மையார் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அக்காலத்தில் எந்த ஆண் நடிகருக்கும் கிட்டாத பெருந்தொகை என்று இன்றளவும் வியந்து பேசப்படுவது அது. ரயிலில் பாடிக் காசு பெற்ற பெண், தன் குரலுக்குத் தானே விலை நிர்ணயம் செய்யும் நிலைக்கு உயர்ந்தாள். படம் எதிர்பார்த்தவாறு ஓடவில்லை என்பர். ஆனால் தொழில் செய்பவள் ஒருத்தி, "இன்ன வேஷம் செய்வேன், இன்னது செய்யேன், என் உழைப்பின் மதிப்பு இது" என்று நிமிர்ந்து சொல்ல முடியும் என்பதை அது நாட்டுக்குக் காட்டிற்று.

1940இல் 'மணிமேகலை'யில் பிக்ஷுணியானார். பின்பு 1953இல் ஜெமினி எஸ். எஸ். வாசன் அவர்கள் தயாரிக்க, கொத்தமங்கலம் சுப்பு அவர்கள் இயக்கிய 'ஔவையார்' வெளிவந்தது. அம்மையாருக்கு அப்பொழுது வயது நாற்பத்தைந்து. யானைக் கூட்டம் கோட்டையை இடிக்கும் காட்சியை அந்நாளில் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆயினும் யானைகளைவிடப் பெரிதாய் நின்றது, கோலூன்றி வந்த அந்த மூதாட்டியின் கம்பீரம். தமிழ்நாட்டில் ஔவை என்றால் இந்த முகமே என்னும்படி ஆயிற்று. 1965இல் 'திருவிளையாடல்', 1967இல் 'கந்தன் கருணை' ஆகிய படங்களிலும் அவரே ஔவையாராக வந்தார். நம் வீட்டுக் குழந்தைகளுக்கு இன்றும் ஔவையைக் காட்டுவது தொலைக்காட்சியில் வரும் அந்தப் படங்களன்றோ?

1964இல் வெளிவந்த 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகளாக நடித்தது குறிப்பிடத்தக்கது. அப்படத்திற்கு வசனம் எழுதியவர் மு. கருணாநிதி அவர்கள்; அம்மையாரோ காங்கிரஸ் பற்றும் தெய்வ பக்தியும் மிகுந்தவர். இருவரும் எதிரெதிர்க் கட்சிகள். அவ்வாறிருந்தும் சிலப்பதிகாரக் கதைக்காக ஒன்றுகூடினர். கட்சிக்கு மேற்பட்டது கலை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

1969இல் தேவர் தயாரித்த 'துணைவன்' படத்தில் பாடியதற்காக, சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருது அவருக்கு அளிக்கப்பட்டது. வயது அறுபத்தொன்று! குரல் தேய்ந்து ஓயும் பருவத்தில் பாரத தேசம் அவருடைய குரலைத் தேர்ந்தெடுத்தது. 1970இல் பத்மஸ்ரீ பட்டம் வந்தது. 1973இல் 'காரைக்கால் அம்மையார்' படத்திலே முதிய அம்மையாராகத் தோன்றினார். முதற்படத்திற்கும் அப்படத்திற்கும் இடையே 38 ஆண்டுகள். மேடையில் நின்ற காலத்தையும் கூட்டினால் அரை நூற்றாண்டிற்குக் குறையாது. நடித்த படங்களோ மிகச் சிலவே. சென்னை ராஜ்யத்துச் சட்ட மேல்சபையிலும் அங்கம் வகித்தார். திரையுலகிலிருந்து இந்தியச் சட்டசபைப் பதவியை அடைந்த முதற்கலைஞர் என்று அவரைக் குறிப்பிடுவர். 1980ஆம் ஆண்டில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

சகோதர சகோதரிகளே! இச்சரித்திரத்தைச் சொல்லி, "ஆகவே அவர் உத்தமி, அவரை வணங்குவோம்" என்று முடித்துக்கொள்ளுதல் எளிது. பல மேடைகளிலும் அங்ஙனமே முடிக்கிறார்கள். ஆனால் நாம் இன்னும் ஒரு படி சென்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

உலகம் சுந்தராம்பாளுக்கு மரியாதை செய்தது எப்பொழுது? வள்ளியாக நின்று பாடியபொழுது பணம் கொடுத்தது, கூட்டமாக வந்தது, மரியாதை கொடுத்ததா? வெள்ளைப்புடவை உடுத்தி, நகை களைந்து, துறவி போல் நின்ற பிறகே "அம்மையார்" என்று அழைத்தது. நந்தன், பிக்ஷுணி, ஔவை, கவுந்தி, காரைக்கால் அம்மை என அவர் ஏற்ற வேஷங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். எல்லாரும் உலகைத் துறந்தவர்கள், அல்லது பக்தியிலே கரைந்தவர்கள். அவர் அவ்வழியைத் தாமே விரும்பி ஏற்றார். அதன் பெருமையை யான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் என் கேள்வி நம்மை நோக்கியது. ஒரு பெண் துறவியாகிவிட்டால்தான் அவளுடைய தொழிலை நாம் மதிப்போமா? கணவனும் குழந்தைகளும் உள்ளவளாய், பூவும் பொட்டும் வைத்தவளாய், கூலிக்காக இராமுழுதும் மேடையில் நின்று பாடுகிறவளுக்கு மரியாதை இல்லையா?

குரல் ஒன்றே. அதை வளர்த்த உழைப்பும் ஒன்றே. வள்ளி பாடிய தொண்டைதானே பின்பு ஔவையும் பாடிற்று? முன்னதை இகழ்ந்து பின்னதைப் போற்றுவது, நெல்லை இகழ்ந்து சோற்றைப் போற்றுவதற்கு ஒப்பாகும்.

இஃது இறந்துபோன காலத்துச் செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். புதுக்கோட்டை, காரைக்குடி, மதுரைப் பக்கங்களில் இசை நாடகத்தையே ஜீவனமாகக் கொண்ட பெண்கள் இன்றும் இருக்கின்றனர். பங்குனி முதல் ஆடி வரையில் திருவிழாக்காலம். அந்தச் சில மாதங்களின் வருமானமே ஆண்டு முழுவதற்கும் ஆதாரம். நம் ஊர்த் திருவிழாக்களுக்கு வருகிறவர்கள் அவர்களே. அவர்களில் ஒருத்தியின் மகள் நம் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்கக்கூடும். "நாடகக்காரி மகள்" என்று ஒரு பிள்ளை சொல்லுமானால், அச்சொல்லை அது பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. நம் வீட்டில்தான் கற்றது. அவள் வளர்ந்தபின் மணப்பேச்சு வருங்கால், படிப்பும் குணமும் பார்த்து முடிவு செய்யாமல், தாயின் தொழிலைச் சொல்லி விலக்குகிறோம். கொடுமுடி அம்மையார் படத்திற்கு மாலை இட்டுவிட்டு இந்தக் காரியத்தைச் செய்தால், அம்மாலைக்கு என்ன பொருள்?

ஆதலின் நம் சங்கத்தார்க்குச் சில விஷயங்களை விண்ணப்பித்துக்கொள்கிறேன். நம்மவர் பலர் கோவில் விழாக் கமிட்டிகளில் இருக்கின்றனர். இவற்றைச் செய்து முடிப்பது பெரிய காரியமன்று.

முதலாவது, நாடகம் வைக்கும் இடத்தில் பெண் கலைஞர்கள் வேஷம் தரிக்கத் தாழ்ப்பாள் உள்ள அறையொன்று ஒதுக்குதல் வேண்டும். நாலு கம்பம் நட்டு ஓலையோ துணியோ மறைத்தால் போதும் என்று விட்டுவிடலாகாது. குடிநீரும் கழிப்பிடமும் அருகிலேயே அமைதல் வேண்டும். இராமுழுதும் நிற்கிறவர்களுக்கு இவை இன்றியமையாதவை.

இரண்டாவது, பேசிய தொகையை விடியற்காலையில் அவர்கள் வண்டியேறுமுன் முழுமையாகக் கையிற் கொடுத்துவிட வேண்டும். மழை வந்தது, கூட்டம் குறைந்தது என்று குறைத்தல் தருமமன்று. நடவுக்கு வந்தவளிடம் மழையைக் காட்டிப் பாதிக் கூலி கொடுப்போமா?

மூன்றாவது, குடித்துவிட்டு மேடையருகே கூச்சலிடுவோரையும், ஆபாசமாகப் பேசும்படியும் ஆடும்படியும் வற்புறுத்துவோரையும் கமிட்டியார் அஞ்சாது விலக்குதல் வேண்டும். கைபேசியில் பெண் கலைஞர்களை அவர்கள் அனுமதியின்றிப் படம் பிடித்துப் பலருக்கும் அனுப்பும் வழக்கம் இளைஞரிடையே வந்திருக்கிறது. நம் சகோதரிக்குச் செய்யத் துணியாத ஒன்றைப் பிறர் சகோதரிக்குச் செய்யலாமா?

நான்காவது, நம் சங்கம் ஏழைப் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் வழங்கும்பொழுது, தாய் தந்தையர் நாடகத் தொழிலில் இருப்பது ஒரு குறையாக எண்ணப்படலாகாது. இராக் கண்விழித்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் தாய்க்கு முதலிடமே கொடுக்கலாம்.

தாய்மார்களுக்குத் தனியே ஒரு சொல். உங்கள் பெண்ணுக்குக் குரல் வாய்த்திருந்தால் அதை அடக்கிவிடாதீர்கள். பாட்டுக் கற்பியுங்கள், பள்ளிக்கூட நாடகத்தில் நடிக்க விடுங்கள். எல்லாரும் சுந்தராம்பாள் ஆகிவிட மாட்டார்கள். ஆயினும் சபையின் நடுவே நிமிர்ந்து நின்று நாலு வார்த்தை அச்சமின்றிப் பேசும் பயிற்சி, எந்தத் தொழிலுக்குப் போனாலும் அவளுக்குக் கைகொடுக்கும். அதோடு, தன் உழைப்புக்கு இன்ன மதிப்பு என்று சொல்லும் துணிவையும் கற்பியுங்கள். அம்மையார் விட்டுச் சென்ற செல்வங்களுள் அந்தத் துணிவும் ஒன்று.

நம் ஊர்த் திருவிழாவில் இனி வள்ளி வேஷம் போட்டு வருகிறவரை, வேஷம் கலைந்த பிறகும் "வாங்கம்மா, உட்காருங்கள், ஒரு வாய் காப்பி சாப்பிட்டுப் போகலாம்" என்று ஒரு வீட்டார் அழைப்பாராயின், இன்று யான் பேசியது பயன் பெற்றதாகும். அந்த அழைப்பு முதலில் நம் சங்கத்தார் வீட்டிலிருந்தே எழுதல் வேண்டும் என்பது என் ஆசை.



சுபம்.